அறுபது சொற்களில் ஒரு கோட்டை

ஆங்கிலத்தில் அறுபது சொல்.
அதே அகலத்தில் தமிழும் அடங்கவேண்டும்.
எழுத்தைச் சிறிதாக்கலாமே என்றார் திருவாட்டி ஹோ.
வரலாற்றையா என்று கேட்க வாய்வரை வந்ததை
விழுங்கிக்கொண்டேன்.
சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவளுக்கு
உபரிச் சொல் ஆகாது.

காத்தோங் பூங்கா, காலை ஒன்பது மணி.
குழிக்குள் இறங்கிப் பார்த்தால்தான் எழுதவரும் என்று
கெஞ்சி வாங்கிய மஞ்சள் தலைக்கவசத்தில்
வேறு யாருடைய வியர்வையோ.
கீழே, இடுப்பளவு ஆழத்தில்,
கொத்தளத்தின் ஒரு மூலை
மண்ணிலிருந்து முழங்கையை மட்டும் நீட்டிக்கொண்டு
படுத்திருந்தது.

கடல் எங்கே என்றேன்.
சேவுகமூர்த்தி மண்வெட்டியால் தெற்கே காட்டினார்:
கொண்டோ, விரைவுச்சாலை, மரங்கள்,
அதுக்கும் அந்தாண்டை.
கடலைப் பார்த்துக்கொள் என்று நிறுத்திவைத்த சுவர்.
அது நின்ற இடத்திலேயே நிற்க
கடலைத்தான் மாற்றலாக்கி அனுப்பிவிட்டோம்.

ஒரு குண்டும் எவன்மேலும் விழவில்லை என்கிறது கோப்பு.
கிடைத்தவை: மீன்முள்,
சோடாப் பாட்டிலின் கழுத்து,
பச்சை பூத்த ஒரு பித்தளைப் பொத்தான்.
காவல் காத்தவன் கொட்டாவி விட்டபோது
தெறித்திருக்கலாம்.

முதல் வரியிலேயே முட்டிக்கொண்டேன்.
'எல்லைப்புறக் கோட்டை' என்று எழுதி,
எல்லை என்றால் இரண்டு பக்கம் வேண்டுமே என்று
முணுமுணுத்தேன்.
சல்லடையை அலசிக்கொண்டிருந்த டுவைட்,
எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு
ஒரே பக்கம்தான், என்றான்.

அவன் ஊர் ஒஹாயோ ஆற்றுப் பக்கம்.
பாட்டனுக்குப் பாட்டன் கோட்டைக்கு மரம் வெட்டியவனாம்.
ஓக் மரங்களை முனை சீவி
நெருக்கி நட்டு,
துப்பாக்கி நுழைய ஓட்டை விட்டு,
உள்ளே குடும்பம், பன்றி, உப்பு, பைபிள்.
வெளியே நின்றவர்களுக்கு அது ஊர்;
உள்ளே இருந்தவர்களுக்கு அது காடு.
நிலத்தை எடுத்துக்கொண்டவன்
திருட்டுப் பயத்தில் தாழ்ப்பாள் போட்ட கதை, என்றான்.
இப்போது அங்கே பல் மருத்துவமனையின் கார் நிறுத்துமிடம்.
தெருப்பெயரில் மட்டும் கோட்டை.

என்னிடம் சொல்லுக்கா பஞ்சம்?
அரண், எயில், மதில், புரிசை, இஞ்சி.
இஞ்சியா, கிலோ என்ன விலை என்று சேவுகமூர்த்தி சிரித்தார்.
வளைப்பவனுக்கு உழிஞை, காப்பவனுக்கு நொச்சி என்று
சண்டைக்குப் பூவைக்கூடப் பிரித்துக் கொடுத்த மொழி.
வளைக்க ஒருவரும் வராத மதிலில்
நொச்சி சூடி நிற்பவனுக்கு
என்ன பெயர் வைத்திருக்கிறது?

இங்கே வெளியே நின்றவர்கள் யார்
என்று கேட்டேன்.
திருவாட்டி ஹோ கோப்பைப் புரட்டினார்.
நிலம் 'காலியாக இருந்தது'.
பழைய வரைபடத்தில், அந்தக் காலியின் மேல்
நகத்தளவு ஆறு படகு,
காயப்போட்ட வலை மாதிரி
சில குறுக்குக்கோடு.

இரவு, பிடோக் வீட்டில்,
மின்விசிறிக்கடியில் எண்ணிப் பார்த்தேன்.
ஐம்பத்தெட்டு.
இரண்டு சொல்லுக்கு இடம்.
'வெளியே மீனவர்' என்று போட்டேன்.
எழுத்தின் உயரம் எட்டு மில்லிமீட்டர்.

இது என்ன என்று
அவர் விரல் வைத்துக் கேட்கவில்லை.
டுவைட்டுக்குத் தமிழ் தெரியாது.
சேவுகமூர்த்தி பலகைக்குக் கான்கிரீட் ஊற்றிவிட்டு
இரண்டுமுறை வாசித்தார்.
ஒன்றும் சொல்லாமல்
கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் வாரம் அலுவலகத்துக்குத் தொலைபேசி.
தமிழ்ப் பலகையில் தவறு என்றார்கள்.
உள்ளங்கை வேர்த்தது எனக்கு.
யாரோ ஓய்வுபெற்ற வாசகர்,
குரலில் நியாயமான கோபம்:
'கோட்டை சுவர்' என்று போட்டிருக்கிறீர்களே அம்மா,
நடுவில் 'ச்' எங்கே?
கோட்டைக்கும் சுவருக்கும் இடையில்
இவ்வளவு பெரிய ஓட்டை விட்டால்
யார் யாரெல்லாம் உள்ளே வருவார்கள்?